ஒரு சூளை நிறைய டொக்

ஒரு கார்த்திகை மாதம் எங்கள் பழைய வீட்டுக்கு அவர் முதல்முறை வந்த அன்று வாசல் கதவு ஆவென்று திறந்துதான் கிடந்தது. அவர் கதவைத் தட்டவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. நேராகச் சுவரிடம் போய், நடுவிரலை மடக்கி அதன் முட்டியால் மூன்று இடத்தில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சுவரில் ஒட்டவைத்துக் கேட்டார். அதன் பிறகுதான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தச் செவுரு இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது. இடிச்சுடுங்க,” என்றார். கையோடு, “இன்னா கொழம்பு, கருவாடா?” என்றும் கேட்டார்.

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. புது வீடு கட்டச் செங்கல் விசாரிப்பதற்காக வரச்சொல்லியிருந்த சூளைக்காரர் இவர்தான் என்று அப்பா விளக்குவதற்குள், அவர் எங்கள் தண்ணீர்க் குடத்தையும் ஒரு தட்டுத் தட்டி, “கொடம் பரவால்ல,” என்று தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்.

வில்லியனூரைத் தாண்டி, சங்கராபரணி ஆற்றை ஒட்டி அவருடைய சூளை இருந்தது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு முன்னால் ‘சூளைக்காரரே’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ணங்கு’ என்பார்கள். நான் மாமா என்று கூப்பிட்டேன். மனதுக்குள் ணங்கு என்றுதான் ஓடும். ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய லுங்கி, தலையில் ஒரு துண்டு. வலது கை நடுவிரல் முட்டி மட்டும் சின்ன வெங்காயம் அளவுக்குப் புடைத்திருக்கும். வாழ்நாள் முழுக்கத் தட்டியதில் வந்த புடைப்பு அது.

சுட்ட செங்கல் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால், நன்றாக வெந்த கல் வெண்கலப் பாத்திரம் மாதிரி ‘ணங்’ என்று சொல்லும். வேகாத கல் ‘டொக்’ என்று முனகிவிட்டுச் சும்மா இருந்துவிடும். செங்கல் வாங்குகிறவர்கள் எல்லாருமே இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு, லோடுக்கு நாலு கல் வீதம். இவர் ஒவ்வொரு கல்லையும் தட்டினார். அவர் தட்டாமல் அந்தச் சூளையிலிருந்து ஒரு கல்கூட டிராக்டரில் ஏறியதில்லை. “மண்ணு ஊமை. நெருப்புல வெந்தாதான் அதுக்கு வாய் வரும்,” என்பார். அதைச் சொல்லும்போது நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும்.

நான் அப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். அது தெரிந்ததும் அவருக்கு என்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. “நானும் க்யூசி, நீயும் க்யூசி,” என்று சூளை முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்லி, ஊறப்போட்டிருந்த மண்ணில் என்னை இறக்கி மிதிக்க வைத்தார். களிமண் மட்டும் போட்டால் காயும்போது வெடிக்கும், மணல் கூடினால் உதிரும், இரண்டும் சரியாகச் சேர்ந்தால் மண் காலை விடாது என்றார். உண்மைதான், விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் என்னைக் கரையேற்றினார்கள்.

அப்புறம் செல்வியைக் காட்டினார். கல் அறுக்கும், அதாவது மண்ணை அச்சில் வார்க்கும், வேலையில் அவள்தான் அங்கே கெட்டி. அச்சுக்குள் மணலைத் தூவி, ஒரு கட்டி மண்ணைத் தூக்கி அறைந்து, மேலே வழித்து, தலைகீழாகக் கவிழ்த்துத் தூக்கினால் ஈரக் கல் பளபளவென்று தரையில் உட்கார்ந்திருக்கும். நான் ஒன்று செய்து பார்த்தேன். தூங்கும் பூனை மாதிரி வந்தது. அந்தப் பச்சைக் கற்களைக் களத்தில் வரிசையாகக் காயவைத்து, திருப்பிப்போட்டு, நன்றாகக் காய்ந்ததும் சூளையாக அடுக்குவார்கள். அடியில் தீ மூட்ட வாய் விட்டு, வெளியே மண் பூசி, சவுக்குக் கட்டையும் வேலிக்காத்தான் விறகுமாகத் திணித்து நாள்கணக்கில் எரித்து, ஆறவிட்டுப் பிரிப்பார்கள்.

“பிஸ்கட்டு வெந்துச்சான்னு எப்டிப் பாப்பீங்க? தட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா, ஒடச்சுப் பாப்போம்.”

“ஒடச்சுட்டா அப்புறம் எப்டி விப்பீங்க?”

ஆறு வருடம் அந்த வேலையில் இருந்தவள், மறுநாள் ஒரு பிஸ்கட்டை உடைக்காமல் தட்டிப் பார்த்தேன்.

செங்கல்லோடு நிறுத்தியிருந்தால் அவர் வெறும் சூளைக்காரர். அவர் எதையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனால் பானை, பூசணிக்காய், தர்பூசணி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் தட்டுவார். ஒருமுறை ஹெல்மெட் வாங்கப் போனவர், கடைக்காரப் பையன் தலையில் ஒன்றை மாட்டிவிட்டு வெளியிலிருந்து தட்டி, “உள்ள கேக்குதா?” என்று விசாரித்திருக்கிறார். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பாகூர்ப் பக்கம் போன கதை இன்னும் பிரசித்தம். பையன் நல்ல வேலையில் இருந்தான். பஜ்ஜி, கேசரி எல்லாம் வந்தது. எல்லாரும் ஜாதகம் பேசிக்கொண்டிருந்தபோது இவர் மெதுவாக எழுந்து போய் அவர்கள் வீட்டுச் சுவரைத் தட்டினார். திரும்பி வந்து, “வாங்க போலாம்,” என்று சொந்தக்காரர்களைக் கிளப்பிவிட்டார். கேசரி பாதியில் நின்றது. வழியில் காரணம் கேட்டதற்கு, “மேல பளபளன்னு பூசி வச்சிருக்கான். உள்ள பூரா வேகாத கல்லு. வூட்டையே இப்டி ஏமாத்திக் கட்டினவன் எம் பொண்ண எப்டி வச்சுக்குவான்?” என்றாராம். பிறகு ஒரு பழைய ஓட்டுவீட்டுக்காரருக்கே பெண்ணைக் கொடுத்தார். சுவர் ணங்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னபடியே பழைய வீட்டை இடித்தோம். வீடு எழும்பும்வரை திருவாண்டார்கோயிலில் அத்தை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. சித்திரையில் சூளை பிரிப்பார், எங்கள் கல் வந்துவிடும், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அம்மாவும் அத்தையும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது வாரமே இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேச்சு இல்லாததால் உப்புப் போட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்பதும் நின்றது. குழம்பில் இரண்டு பேரும் உப்புப் போட்டார்கள். வாயைத் திறந்தால் யார் பக்கம் என்று ஆகிவிடும் என்பதால் நாங்கள் எல்லாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

சித்திரையில் சூளையைப் பிரித்தார்கள். டிராக்டரோடு போன அப்பா, இரைந்துகொண்டிருந்த எஞ்சின் பக்கத்திலேயே நின்றார். மாமா இரண்டு கல்லை எடுத்துத் தட்டினார். முகம் மாறியது. வேறு இரண்டு எடுத்தார். நடுச் சூளையிலிருந்து எடுத்தார், மேலிருந்து, வாய்ப்பக்கத்திலிருந்து எடுத்தார். கடைசியில் கல்லைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாம் டொக்குங்குது. இத நான் தர மாட்டேன்,” என்றார். டிராக்டர் காலியாகத் திரும்பியது. அன்றைக்குக் குழம்பில் உப்பு மூன்று பங்கு.

அதிலிருந்து இரண்டு மாதம் சூளையில் துப்புத் துலக்கினார். மணலைச் சந்தேகித்து மாற்றினார். தண்ணீரைச் சந்தேகித்து வேறு போர்வெல்லிலிருந்து இழுத்தார். சவுக்குக்கு நடுவே தைல மரத்தைக் கலந்துவிட்டான் என்று விறகுக்காரனோடு சண்டை போட்டார். செல்வி வழக்கமாக எதிரில் செல்போனை நிறுத்திப் பாட்டு வைத்துக்கொண்டு கல் அறுப்பாள். “குத்துப்பாட்டு கேட்டுக்கினே அறுத்தா மண்ணு எப்டி அடங்கும்?” என்று அதற்கும் தடை போட்டார். அய்யனாருக்குப் பொங்கல் வைத்தார். இத்தனையும் செய்து இரண்டாவதாகச் சின்னச் சூளை ஒன்று போட்டுப் பிரித்தார். அதுவும் டொக்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலிலிருந்து காவலாளி எனக்குப் போன் செய்தார். “மேடம், கையில செங்கல்லோட ஒரு பெரியவரு ஒங்களப் பாக்கணும்னு நிக்கறாரு. போலீசக் கூப்புடட்டுமா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமாதான். செங்கல்லைக் காவலாளி பிடுங்கி மேசையில் வைத்து, அதற்கு ஒரு டோக்கனும் கொடுத்திருந்தார்.

“எம்மா, ஒங்க மிஷின்ல இத ஒருவாட்டிப் போட்டுப் பாரேன். எங்க தப்புன்னு தெரியல,” என்றார். எங்கள் இயந்திரம் பிஸ்கட்டின் மொறுமொறுப்பை மட்டும்தான் அளக்கும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. “ஞாயித்துக்கெழம பொக்லைன் வருது. ரெண்டு சூளைக் கல்லையும் நொறுக்கி ரோட்டுக்குக் கொட்டிட்டு, சூளைய மூடிடறேன். வேகாத கல்ல வித்தான்னு பேரு எடுக்க மாட்டேன்,” என்றார். டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கல்லை வாங்கி இடுக்கிக்கொண்டு நடந்தார். தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டியில் சூளைக்குப் போய்விட்டேன். பொக்லைன் இன்னும் வரவில்லை. மாமா தூரத்தில் களத்து ஓரம் நின்றிருந்தார். பிரித்த சூளையிலிருந்து சும்மா இரண்டு கல்லை எடுத்தேன். அதுவரை அவர் சூளையில் அவரைத் தவிர வேறு யாரும் கல்லைத் தட்டி நான் பார்த்ததில்லை, எனக்கும் கை வந்ததில்லை. தட்டினேன்.

ணங்.

வேறு இரண்டு. ணங். இன்னும் இரண்டு. பள்ளிக்கூட மணி மாதிரி ணங். நிமிர்ந்தேன். ஊறிய மண் வீணாகிவிடக் கூடாதென்று வேலை செய்துகொண்டிருந்த எட்டுப் பேரும் எட்டுத் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செல்வி,” என்றேன்.

“எங்களுக்குத் தெரியும்க்கா,” என்றாள் அவள், மண்ணைப் பிசைந்துகொண்டே. “தைப் பொங்கல்லேர்ந்து தெரியும். பின்னால டிராக்டர் ஆரன் அடிச்சா நவுர மாட்டாரு. டிரைவரு எறங்கி வந்து தோளத் தொட்டு நவுத்திட்டுப் போவாரு.”

“அப்ப சொல்ல வேண்டியதுதான?”

“எப்டிக்கா சொல்றது? கோயிலுக்குப் போயி சாமிகிட்ட, ஒனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்ற மாதிரி.”

அவருடைய மனைவி எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“மொதல்ல தெரிஞ்சது எனக்குத்தாம்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்ன வாயத் தொறக்க வுட்டதில்ல. இப்ப ஒரு ஆறு மாசமாதான் நானு மனசு வுட்டுப் பேசறேன். பக்கத்துல ஒக்காந்தே திட்டறேன், அவரு பாட்டுக்குச் சோறு சாப்புடறாரு. அவுரு தங்கச்சி, மச்சான் எல்லாரையும் முடிச்சுட்டேன். அவுங்க அம்மா மட்டுந்தான் பாக்கி. ஒரு வாரம் டைம் குடேன்.”

“அத்த, இன்னும் கொஞ்ச நேரத்துல பொக்லைன் வந்துடும். சூளைய மூடப்போறாரு.”

“மூடிட்டா?”

“வூட்லதான் இருப்பாரு. நாள் பூரா.”

டீ டம்ளர் அப்படியே நின்றது. “வூட்ல இருக்கற செவுத்தையெல்லாம் தட்டிக்கினே இருப்பாரே,” என்றார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, “ரெண்டு நாளா சோறும் எறங்கல அவருக்கு. சொல்லிடு தாயி. நீயே சொல்லிடு,” என்றார்.

போனேன். “மாமா, கல்லு நல்லா இருக்கு,” என்றேன்.

“இன்னா?”

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “இன்னா?” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, “உங்க காதுதான் மாமா கேக்கல!” என்று கத்தினேன். ஆற்றங்கரையில் மேய்ந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன. சூளையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் மட்டும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அன்பாக என்னைப் பார்த்தபடி நின்றார்.

செல்வி அப்போதுதான் கவிழ்த்திருந்த ஈரக் கற்கள் காலடியில் வரிசையாக இருந்தன. குனிந்து ஒரு குச்சியை எடுத்தேன். முதல் கல்லில் ‘கல் நல்லா வெந்திருக்கு’ என்று எழுதினேன். இரண்டாவது கல்லில் ‘உங்களுக்குக் காது கேக்கல’ என்று எழுதினேன்.

அவர் குந்தி உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். முடித்த பிறகும் நிமிரவில்லை. நான் எழுதியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அந்தக் கல்லை அப்படியே வாரி மண்ணோடு மண்ணாகப் பிசைந்துவிடலாமா என்று இருந்தது.

“ரெண்டு பச்சைக் கல்லக் கெடுத்துட்ட,” என்றார் கடைசியில்.

எழுந்து போய்ச் சூளையிலிருந்து இரண்டு கல்லை எடுத்தார். வலது காதோரம் தட்டினார். இடது காதோரம் தட்டினார். ஒரு கல்லை நெற்றிப்பொட்டில் முட்டுக் கொடுத்துவைத்து மற்றதால் தட்டினார். சுற்றிலும் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொருவராகத் தலையசைத்தோம்.

“எத்தினி நாளா?” என்றார். செல்வி ஆறு விரலைக் காட்டினாள்.

கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் அவர் அழப்போகிறார் என்றே பயந்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பி மனைவியைப் பார்த்தார். “அப்ப இந்த ஆறு மாசமா நீ எங்கிட்ட இன்னாதான் பேசிக்கினு இருந்த?”

அந்த அம்மாள் டீ கேனைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.

பொக்லைன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மாமா கையை ஆட்டி, “போப்பா, கல்லு நல்லா இருக்குதாம்,” என்றார். அந்த ‘தாம்’ என்னை அறுத்தது. பிறர் வாயால் தன் கல்லைப் பற்றி அவர் தெரிந்துகொண்ட முதல் நாள் அது.

“டிராக்டர வரச் சொல்லட்டுமா மாமா?” என்று சைகையோடு கேட்டேன். பக்கத்தில் இரண்டு வேலையாட்களும் ‘ஏற்றிவிடலாம்’ என்று ஆர்வமாக நின்றார்கள்.

“தட்டாம ஏத்துறதா?” என்றார். எழுந்தார். “நான் தட்டறேன். நீ கேளு.”

“செல்விக்கு நல்லாக் கேக்குமே மாமா,” என்று அவளைக் காட்டினேன்.

“அவ அறுத்த கல்லு. அவ ணங்குன்னுதான் சொல்லுவா. ஒன் வூட்டுக்குக் கல்லு, பொய் சொன்னா ஒன் தலையிலதான் வுழும். எதிர்ல வந்து நில்லு.”

நின்றேன். அவர் தட்டினார். ணங். தலையாட்டினேன். கல், டிராக்டர் வந்து ஏற்றும் பக்கம் போனது. ணங். தலையாட்டினேன். தட்டிவிட்டு அவர் கல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். வெயில் ஏறியது. ஒரு நூறு, இருநூறு போனது. சூளையின் வெளி அடுக்குக்கு வந்தோம். தீ சரியாகப் போய்ச் சேராத இடம். அவர் தட்டினார்.

டொக்.

தெளிவான டொக். ஆனால் எனக்குக் கால் வலித்தது. பசி. அத்தை வீட்டில் அன்றைக்கு அம்மா மீன் வாங்கியிருந்தார், அத்தையும் மீன் வாங்கியிருந்தார். எத்தனை சீக்கிரம் சுவர் எழும்புகிறதோ அத்தனை நல்லது. ஒரே ஒரு கல். முன்னைவிட வேகமாகவே தலையாட்டினேன்.

மாமா அந்தக் கல்லைக் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, கீழிருந்தும் பார்த்தார். பிறகு கல்லைப் பக்கத்தில் கழித்துப் போட்டார்.

“தல ஆடுது. மூஞ்சி டொக்குங்குது,” என்றார்.

துண்டை அவிழ்த்து உதறித் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த இரண்டு கல்லை எடுத்தார்.